உதடு படும் இடம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், கிளாரினெட்டில் துடித்துச் சத்தம் எழுப்புகிற நாணல் தகடான ரீட் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு வாசகருக்குச் சின்னதாகப் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் முக்கால்வாசி, வாய் வைத்து ஊதுகிற பகுதியான மவுத்பீஸ் பற்றித்தான். நாயனத்துச் சீவாளியில் ஆரம்பித்து ஆஸ்பத்திரியில் ஊதச் சொல்கிற அட்டைக்குழாய் வரைக்கும் கேட்டிருக்கிறீர்கள். ஊதுகிற வாத்தியங்களை வாசிப்பதும் பழுது பார்ப்பதுமாகவே என் காலம் போயிருக்கிறது, இதைவிடப் பிடித்த விஷயம் எனக்கு வேறு இல்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க இதற்கே.

என் மகன் நாகஸ்வரம் கற்றுக்கொள்கிறான். வாத்தியார் மாதம் இரண்டு மூன்று சீவாளி வாங்கச் சொல்கிறார். விரல் நீளம்கூட இல்லாத அந்தத் துண்டுக்கு இத்தனை செலவு செய்யத்தான் வேண்டுமா?
*– ஒரு வாசகி, மன்னார்குடி*

வேண்டும் அம்மா, வாத்தியார் சரியாகத்தான் சொல்கிறார். நாயனத்தில் சத்தம் பிறக்கிற இடம் சீவாளி. ஆச்சா மரத்தில் கடைந்த அந்த நீளமான உடலும் கீழே விரிந்திருக்கும் அணசும், பிறந்த சத்தத்தை வளர்த்து வெளியே அனுப்புகின்றன. சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நடுவே மெல்லிய இடைவெளி விட்டு இருக்கும். காற்று போனதும் அவை வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை மூடித் திறக்கும். அந்தத் துடிப்பு கெண்டை என்கிற சின்ன உலோகக் குழாய் வழியாக உள்ளே இறங்குகிறது. சீவாளி சரியில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நாயனமும் வெறும் குழாய்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. நாயனத்தில் விரல் வைக்க ஏழு துளைகள், கிளாரினெட்டில் இருப்பது மாதிரி சாவிகள் கிடையாது. அப்படி இருக்கும்போது தோடி ராகத்தில் காந்தார சுரம் அசைகிறதே, அந்த அசைவு எங்கிருந்து வருகிறது? பாதி விரலிலிருந்து, மீதி உதட்டிலிருந்து. சீவாளியை எவ்வளவு உள்ளே வாங்குகிறோம், எந்த அளவுக்கு அழுத்துகிறோம், காற்றை எப்படித் தள்ளுகிறோம் என்பதை வைத்துத்தான் ஒரே துளையில் ஒரு சுரம் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பழைய இசைத்தட்டுப் பதிவில் கேட்டுப் பாருங்கள். அது முழுக்க உதடும் சீவாளியும் பேசிக்கொள்கிற பேச்சு.

அவருடைய ஊரான திருவாவடுதுறையே சீவாளிக்குப் பேர்போன ஊர். பக்கத்து ஊர் நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு. குட்டையான திமிரி நாயனத்துக்குப் பதிலாக நீளமான பாரி நாயனத்தை ராஜரத்தினம் பிள்ளைக்காகச் செய்து கொடுத்த ரங்கநாதன் ஆசாரி நரசிங்கம்பேட்டைக்காரர்தான். அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சந்தோஷம். ஆனால் சீவாளி செய்கிறவர்களுக்கும் அதே அளவு பேரும் காசும் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆற்றோரம் விளைகிற கொறுக்கைத் தட்டையை வெட்டி வந்து, காயவைத்து, வேகவைத்து, மறுபடி காயவைத்து, பதம் பார்த்து, கையால் சீவி, நூலால் கட்டி ஒரு சீவாளியைச் செய்து முடிப்பதற்குள் அந்தத் தட்டை எத்தனை தடவை கை மாறுகிறது தெரியுமா? நடுவில் ஒரு கட்டத்தில் பதம் தப்பினாலும் இதழ் பிளந்துவிடும். அதைத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

உங்கள் மகன் செய்ய வேண்டியது இதுதான். வாசிக்கும் முன் சீவாளியை நன்றாக நனைக்கட்டும், காய்ந்த இதழை ஊதினால் சத்தமும் வராது, இதழும் கெடும். நனைந்ததும் அதன் வாயை வெளிச்சத்தில் நேராகப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு வளைந்து, கண்ணைப் பாதி மூடினால் தெரிகிற கீற்று மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் தட்டையாக இருந்தால் ஊசியை உள்ளே விட்டு மெதுவாகத் திறந்து கொடுக்கலாம், நாயனத்தில் சீவாளியோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிடுகிற அந்த ஊசி அதற்காகத்தான் இருக்கிறது. வாசித்து முடித்ததும் ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடக் கூடாது. அப்புறம், ஒரே சீவாளியைத் தேயத் தேய ஊதாமல் மூன்று நான்கை மாற்றி மாற்றிப் பழக்கினால் எல்லாமே கூடுதல் நாள் வரும். மாதம் மூன்று என்பது தானாகவே குறையும்.

செகண்ட் ஹேண்டில் ஒரு ஆல்டோ சாக்ஸபோன் வாங்கினேன். அதோடு வந்த கறுப்பு மவுத்பீஸ் பச்சையும் பழுப்புமாக மாறியிருக்கிறது, வாயில் வைத்தால் கந்தக வாடை. கழுவினால் போகுமா, தூக்கிப் போட்டுவிடவா?
*– ஒரு வாசகர், ஈரோடு*

அது எபோனைட். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்திய பொருள். வெயிலும் சுடுதண்ணீரும் பட்டால் மேல்பரப்பில் கந்தகம் வெளிவந்து இப்படி நிறம் மாறும், வாடையும் வரும். இனிமேல் வெந்நீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சாதாரணத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய பிரஷ், அவ்வளவு போதும். உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தால் அது எச்சிலில் இருக்கிற சுண்ணாம்பு. வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து அதில் சில நிமிஷம் வைத்துத் துடைத்தால் போய்விடும். நிறம் திரும்பாது, ஆனால் நிறத்தால் சத்தம் கெடாது.

தூக்கிப் போடுவதா இல்லையா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், நுனியைப் பாருங்கள். ரீட்டைக் கழற்றிவிட்டு மவுத்பீஸின் நுனி விளிம்பில் விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். எங்கேயாவது நகம் தட்டினால் அங்கே உடைந்திருக்கிறது. அப்புறம் ரீட் உட்காருகிற தட்டையான முகத்தை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நான் கிளாரினெட் தொடங்கிய வருஷம் ஒரு கடையில் புதிது என்று சொல்லி ஒரு மவுத்பீஸ் கொடுத்தார்கள். மேல் ஸ்தாயிக்குப் போனாலே கீச்சென்று ஒரு சத்தம் வரும். மூச்சு போதவில்லை, உதடு பலமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பி ஒரு வருஷம் முழுக்க விடியற்காலையில் எழுந்து நீண்ட சுரம் ஊதி ஊதிப் பார்த்தேன். கடைசியில் பேண்டில் மூத்த வாசிப்பாளர் ஒருவர் அதைக் கையில் வாங்கினார், நுனியை ஜன்னல் பக்கம் திருப்பினார், அரிசிக் குருணையில் பாதி அளவுக்கு ஒரு பிசிறு உடைந்திருந்ததைக் காட்டினார். தன்னுடைய மவுத்பீஸைக் கழற்றி என் கிளாரினெட்டில் மாட்டிக் கொடுத்தார். ஊதினேன், கீச்சு இல்லை. ஒரு வருஷம் போய்விட்டதே என்ற வருத்தம் இப்போதும் இருக்கிறது. அதனால்தான் யார் என்னிடம் வந்து தனக்குச் சத்தம் வரவில்லை என்று சொன்னாலும் முதலில் மவுத்பீஸைக் கழற்றி வாங்கிப் பார்க்கிறேன். உங்கள் மூச்சைச் சந்தேகிக்கும் முன் அதைச் சந்தேகியுங்கள்.

புதிது வாங்குவதாக இருந்தால், மலிவான சாக்ஸோடு நல்ல மவுத்பீஸ் என்பது நல்ல சாக்ஸோடு மட்டமான மவுத்பீஸ் என்பதைவிட எவ்வளவோ மேல். ரீட்டின் கெட்டித்தன்மையைக் காட்டுகிற எண் 2 அல்லது 2½-இல் தொடங்குங்கள். ரீட்டின் நுனியும் மவுத்பீஸின் நுனியும் ஏறக்குறைய ஒன்றாக வரும்படி வைத்து, மேலே மயிரிழை அளவு கறுப்பு தெரிகிற மாதிரி, ரீட்டைப் பிடித்துக்கொள்கிற பட்டையான லிகேச்சரை முறுக்குங்கள். இந்த ரீட்டும் ஒரு நாணல்தான். பிரான்ஸின் தெற்கே வார் பகுதியில் விளைவதற்கு உலகம் முழுக்க மதிப்பு. அவர்களுக்கு அங்கே ஒரு கரை, நமக்கு இங்கே காவிரிக் கரை.

என் பையன் டிரம்பெட் வாசிக்கிறான். 7சி மவுத்பீஸ் வைத்திருக்கிறான். 1½சி மாற்றினால் மேல் சுரம் சுலபமாக வரும் என்று கூட வாசிக்கிறவர்கள் சொல்கிறார்களாம். பல்லுக்குக் கம்பியும் போட்டிருக்கிறான்.
*– ஒரு வாசகர், நாகர்கோவில்*

மாற்ற வேண்டாம். சொன்னது தலைகீழ்.

இந்த எண்கள் வின்சென்ட் பாக் என்பவர் வைத்த கணக்கு. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்கா போன டிரம்பெட் கலைஞர், 1918-இல் நியூயார்க்கில் மவுத்பீஸ் செய்யத் தொடங்கினார். அவர் முறையில் எண் குறையக் குறைய, மவுத்பீஸில் உதடு பதிகிற கிண்ணத்தின் அகலம் கூடும். எழுத்து ஆழத்தைக் காட்டும், ஏ என்றால் ஆழம் அதிகம், ஈ என்றால் குறைவு. 7சி உள்விட்டம் சுமார் 16.2 மில்லிமீட்டர், 1½சி சுமார் 17. ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லையே என்று தோன்றும், ஆனால் உதட்டுக்கு அது பெரிய தூரம். அகலமான கிண்ணத்தில் உதட்டின் அதிகப் பகுதி துடிக்க வேண்டியிருக்கும், சத்தம் கனமாக வரும், அதற்கேற்ற பலம் உதட்டுக்கு வேண்டும். அந்தப் பலம் இல்லாதவன் என்ன செய்வான்? மவுத்பீஸை உதட்டோடு சேர்த்து அழுத்துவான். அழுத்தினால் அப்போதைக்கு மேல் சுரம் வரும். அதுதான் ஆபத்து.

அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் எப்படி வாசித்தார் என்று எல்லோருக்கும் தெரியும், அவருடைய உதடு என்ன பாடுபட்டது என்பது அவ்வளவாகத் தெரியாது. வருஷக்கணக்கான அழுத்தத்தில் உதடு கிழிந்து தழும்பேறி, நடுவில் வாசிக்காமல் ஓய்வெடுக்க வேண்டி வந்தது. உதட்டைச் சுற்றியிருக்கிற தசை கிழிவதற்கு மருத்துவர்கள் அவருடைய செல்லப் பெயரான சாட்ச்மோவையே வைத்துவிட்டார்கள்.

கம்பி போட்டிருக்கிற பையனுக்கு இது இரண்டு மடங்கு முக்கியம். பல் டாக்டரிடம் கேட்டால் கம்பிமேல் ஒட்டுகிற மெழுகு தருவார், வாசிக்கும்போது அதை வைத்துக்கொள்ளட்டும். பயிற்சிக்கு உட்காரும் நேரத்தைக் குறைத்து, பத்து நிமிஷம் வாசித்தால் ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி தொடங்கட்டும். கம்பி கழற்றிய பிறகு உதடு வைக்கிற இடம் கொஞ்சம் மாறும், அப்போது அவன் பயப்படாமல் இருக்க முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

டிரம்பெட்டில் மவுத்பீஸ் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.
*– ஒரு வாசகர், சிவகாசி*

கொறடா வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். முறுக்கினால் மவுத்பீஸ் வருவதற்கு முன்னால் குழாய் திருகிக்கொண்டு சாலிடர் விட்டுவிடும், அப்படி வந்த டிரம்பெட்டுகள் எத்தனையோ என் மேஜைமேல் கிடந்திருக்கின்றன. மவுத்பீஸ் புல்லர் என்று ஒரு சின்ன இடுக்கி இருக்கிறது, பழுது பார்க்கிறவர்களிடம் கட்டாயம் இருக்கும், இரண்டு நிமிஷ வேலை. உள்ளங்கையால் மவுத்பீஸ்மேல் தட்டி 'பப்' என்று சத்தம் எழுப்புகிற பழக்கம் இருந்தால் அதுதான் காரணம், விட்டுவிடுங்கள்.

எங்கள் பள்ளி பேண்டில் வாத்தியங்கள் குறைவு, ஒரே மவுத்பீஸில் மூன்று பிள்ளைகள் ஊதுகிறார்கள். கர்ச்சீப்பால் துடைத்தால் போதாதா?
*– ஓர் ஆசிரியை, விழுப்புரம்*

போதாது டீச்சர். வாத்தியத்தைப் பகிர்ந்துகொள்ளட்டும், மவுத்பீஸ் ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். முழு வாத்தியத்தின் விலையில் அது சின்னப் பங்குதான், பெற்றோரிடம் எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஒரு பிள்ளையின் சளியும் உதட்டுப் புண்ணும் அடுத்த பிள்ளைக்குப் போவதற்கு இதைவிட நேர்வழி இல்லை. அதுவரைக்கும் ஒவ்வொருவருக்கும் நடுவில் சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்திக் கொடுங்கள்.

உள்பக்கத்தையும் மறக்காதீர்கள். 2016-இல் தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில் பிரிட்டன் மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருந்தார்கள். பையில் காற்றை நிரப்பி வாசிக்கிற பேக்பைப் என்ற வாத்தியத்தைத் தினமும் ஊதிய, 61 வயது மனிதர். பல வருஷ இருமல், மூச்சுத்திணறல். மூன்று மாதம் ஆஸ்திரேலியா போனபோது வாத்தியத்தை எடுத்துப் போகவில்லை, உடம்பு தேறியது. திரும்பி வந்து ஊதியதும் மறுபடி மோசமானது. வாத்தியத்தின் உள்ளே ஈரத்தில் வளர்ந்த பூஞ்சைகள்தான் காரணமாக இருக்கும் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். அவர் பிழைக்கவில்லை. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, பித்தளை வாத்தியத்தை மாதம் ஒரு தடவையாவது உள்ளே கழுவிக் காயவைக்க வேண்டும், மவுத்பீஸை வாரம் ஒரு தடவை.

சங்குக்கு மவுத்பீஸே இல்லையே, பின் எப்படிச் சத்தம் வருகிறது? அப்பா ஊதினால் தெரு முனை வரை கேட்கும். எனக்குக் காற்றுதான் வருகிறது.
*– ஒரு வாசகர், ராமேஸ்வரம்*

சங்கின் கூர்முனையை வெட்டித் திறக்கிறார்களே, அந்த வாய்தான் மவுத்பீஸ். சில ஊர்களில் அதில் பித்தளைப் பூண் வைப்பார்கள், உதட்டுக்கு வசதிக்காக. சங்கில் துடிக்கிற இதழ் எது என்று கேட்டால், உங்கள் உதடு. கொம்பு, எக்காளம், டிரம்பெட் எல்லாமே இந்தச் சாதிதான், நாயனம் வேறு சாதி. நீங்கள் தீயை அணைக்கிற மாதிரி ஊதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சங்கைக் கீழே வைத்துவிட்டு, உதட்டை இறுக்கி மூடி, குதிரை செருமுகிற மாதிரி 'ப்ர்ர்' என்று வரவழையுங்கள். அதே 'ப்ர்ர்' நின்றுவிடாமல் சங்கின் வாயை உதட்டில் பொருத்துங்கள். முதலில் உறுமல் மாதிரி வரும், உதட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் திடீரென்று பிடித்துக்கொள்ளும், அந்தக் கணத்தில் கையில் சங்கு அதிர்வதே தெரியும். அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகுங்கள்.

என் மாமனாருக்கு மூச்சுப் பரிசோதனை எழுதியிருக்கிறார்கள். முன்னால் பலர் ஊதிய குழாயில் ஊத மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். இன்ஹேலரும் எழுதியிருக்கிறார்கள்.
*– ஒரு வாசகி, திருப்பூர்*

அவர் கேட்பது நியாயம். மூச்சை அளக்கிற அந்த ஸ்பைரோமீட்டரில் வாய் வைக்கிற அட்டைக்குழாய் ஒருவருக்கு ஒன்றுதான், பிரிக்காத உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. இந்தக் கருவியை 1846-இல் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் உலகுக்குச் சொன்னார், 2,000 பேருக்கு மேல் ஊதவைத்து அளந்திருந்தார். மாமனாரிடம் வாத்தியக்காரர் பாஷையில் சொல்லுங்கள்: உதடு குழாயைச் சுற்றி ஓரம் வழியாகக் காற்று போகாதபடி மூடியிருக்க வேண்டும், நாக்கு வழியை மறிக்கக் கூடாது, முழு மூச்சு இழுத்து ஒரே வீச்சில் ஊதத் தொடங்கி, தீர்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் கடைசி வரை ஊத வேண்டும். பாதியில் விட்டால் கணக்கு தப்பும்.

இன்ஹேலரில் இதற்கு நேர் எதிர், அழுத்துகிற வகையாக இருந்தால் மெதுவாக இழுக்க வேண்டும், இழுத்ததும் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். உலர்ந்த பொடி வகை என்றால் வேகமாக இழுக்க வேண்டும், எந்த வகை என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூடியைப் போட்டே வையுங்கள், எடுக்கும்போது மவுத்பீஸ் உள்ளே ஒருமுறை பாருங்கள். மூடியில்லாமல் பையில் கிடந்து, உள்ளே புகுந்த சில்லறைக் காசை மருந்தோடு சேர்த்து இழுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் தெரு பத்தர் ஊதுகுழலில் தீயை ஊதும்போது மூச்சு வாங்கியே நான் பார்த்ததில்லை. இது எப்படி? இதை நாயனத்துக்கும் பழகலாமா?
*– ஒரு வாசகர், கும்பகோணம்*

பிரமாதமான கேள்வி. மூச்சு வாங்குகிறார், மூக்கு வழியாக. அந்த நேரத்தில் கன்னத்தில் சேர்த்து வைத்த காற்றைக் கன்னத்தாலேயே தள்ளுகிறார், அதனால் தீ நாக்கு அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறது. காற்று அறுந்தால் நகை பற்று சரியாகப் பிடிக்காது என்பதால் அவருக்கு இது தொழில் தேவை. நாயனத்தோடு சுருதிக்காக ஒத்து என்கிற குழலை ஊதுகிறவர்களும் இதையேதான் செய்தார்கள். ஒரே சுருதியை மணிக்கணக்கில் அறாமல் பிடிக்க வேண்டும் அல்லவா? இப்போது பல மேடைகளில் சுருதிப்பெட்டி அந்த வேலையைச் செய்கிறது, ஒத்து ஊதக் கற்றுக்கொள்ளப் பையன்கள் வருவதில்லை. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது, ஒத்தின் சத்தத்தில் இருக்கிற அந்தச் சீவாளி கரகரப்பு பெட்டியில் வரவே வராது.

பழகலாம். நேராகச் சீவாளியில் தொடங்காதீர்கள். ஒரு டம்ளரில் பாதி தண்ணீர், ஒரு உறிஞ்சுகுழல். குமிழி வரும்படி மெதுவாக ஊதுங்கள், காற்று தீரும் முன் கன்னத்தை உப்பி நிரப்பிக்கொள்ளுங்கள், நாக்கின் பின்பகுதியால் வாயின் உள்பக்கத்தை அடைத்துக் கன்னத்தை அமுக்கியபடி மூக்கால் வெடுக்கென்று கொஞ்சம் இழுங்கள். முதல் வாரம் இழுக்கிற கணத்தில் குமிழி நின்றுவிடும், தண்ணீர் குழலில் ஏறும், சில சமயம் புரையும் ஏறும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு அடுத்த நாள் பாருங்கள். ஒரு நிமிஷம் முழுக்கக் குமிழி அறாமல் வந்தால், பத்தரிடம் போய்க் காட்டிவிட்டு அப்புறம் சீவாளியை நனையுங்கள்.